ஒப்பரேஷனுக்குப் பிறகு கடைச் சாப்பாடு: மட்டக்களப்பில் எங்கிருந்து தொடங்குவது

மட்டக்களப்பில் ஒருவருக்கு வயிற்றில் ஒப்பரேஷன் என்றால் அடுத்த ஒரு மாதத்துக்கு அவர் என்ன சாப்பிடுவது என்பதை ஊரே சேர்ந்து தீர்மானிக்கும். மாமி பத்தியம் என்பார், பக்கத்து வீட்டு அக்கா ரஸ்க்கும் பிளேன்ரீயும் போதும் என்பார், பார்க்க வருகிற மச்சான் மட்டும் காதுக்குள் "கொத்துரொட்டி ஒண்டு கட்டிக்கொண்டு வரட்டா" என்று கேட்பான். மூன்று பேரையும் அப்படியே கேட்கத் தேவையில்லை. நம்முடைய கடைகளில் நோயாளிக்குச் சரிவரும் சாப்பாடு தாராளமாக இருக்கிறது, எந்த நேரம் போவது, எப்படிச் சொல்லி வாங்குவது என்று தெரிந்தால் சரி.

இங்கே சொல்வது பெரும்பாலும் பித்தப்பை எடுத்தவர்களுக்கு, எனக்கு எடுத்தது அதைத்தான். ஹேர்னியா, அப்பெண்டிக்ஸ் செய்தவர்களுக்கும் பாதி பொருந்தும். குடலை வெட்டித் தைத்தவர்கள், இருதய ஒப்பரேஷன் செய்தவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குக் கிளம்ப வேண்டாம், உங்களுக்கு டொக்டர் சொன்னதுதான் கணக்கு.

முதலில் உடம்புக்குள் என்ன மாறியிருக்கிறது என்று விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பித்தநீரைச் செய்வது ஈரல், பித்தப்பை அதைச் சேர்த்துவைக்கிற பை மட்டும். எண்ணெய், கொழுப்பு உள்ளே போனதும் அந்தப் பை சுருங்கிச் சேர்த்துவைத்ததைக் குடலுக்குள் விடும். இப்போது பை இல்லை, அதனால் பித்தநீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டால் சமாளிக்கும், ஒரேயடியாக ஒரு கோப்பை எண்ணெய்ச் சாப்பாடு போனால் வயிறு ஊதும், சிலருக்கு வயிற்றாலேயும் போகும். பெரும்பாலானவர்களுக்கு இது சில கிழமைகளில் குறைந்துவிடும். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்தான், எண்ணெயும் அளவும். உறைப்பு அதற்குப் பிறகுதான் வரும்.

முதல் கிழமை கடைக்குப் போகாதீர்கள், கடையை வீட்டுக்கு எடுப்பியுங்கள். கமராவை விட்டுச் செய்யும் ஒப்பரேஷன் என்றால் வயிற்றுக்குள் வாயு அடித்திருப்பார்கள், அந்த வாயு போகும்வரை தோள்மூட்டில் கூட வலி இருக்கும், பயப்படத் தேவையில்லை, வீட்டுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருங்கள். இந்த நாட்களுக்கு இடியப்பத்தை விட நல்ல சாப்பாடு ஊரில் கிடையாது. ஒழுங்கைக்கு ஒரு வீட்டிலாவது பின்னேரத்தில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறார்கள், கடையிலும் உண்டு. வாங்கப் போகிறவரிடம் "சம்பல் வேண்டாம், சொதியை மட்டும் தனியாகக் கட்டச் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அன்பு மிகுந்து தேங்காயின் கெட்டியான முதல்பாலிலேயே சொதி வைப்பார்கள், கடைக்காரர் சிக்கனமாகத் தண்ணீர் விட்டு வைப்பார். இந்த நேரத்தில் கடைக்காரரின் சிக்கனம்தான் உங்களுக்குச் சாதகம். மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டால் சரி. காலையில் சைவக் கடை இட்லியும் சாம்பாரும் நல்லது, வடையை மச்சானுக்குக் கொடுத்துவிடுங்கள். பாணும் பருப்பும் மலிவு, ஆனால் பருப்பின் மேலே தாளித்த எண்ணெய் படர்ந்திருந்தால் அதை ஒதுக்கி அடியிலிருந்து எடுங்கள்.

இப்போது பத்தியத்துக்கும் கிரந்திக்கும் வருவோம், வீட்டில் பெரிய சண்டை நடப்பது இங்கேதான். இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், அன்னாசி, சில வீடுகளில் முட்டை கூட, எல்லாம் கிரந்தி, காயம் சீழ்பிடிக்கும் என்று நிறுத்திவிடுவார்கள். காயம் சீழ்பிடிப்பது கிருமியால். உங்களுக்கு ஏற்கெனவே இறால் ஒத்துவராது, தின்றால் உடம்பு தடிக்கும் என்றால் அது வேறு கதை, அப்போது தொடக்கூடாது. மற்றபடி காயம் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும், மீனையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிட்டு ரஸ்க்கில் ஆளை வைத்திருப்பதுதான் காயத்துக்குச் செய்கிற கெடுதல். ஆனாலும் இதற்காக மாமியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் வைக்கும் பத்தியக் கறியில் எண்ணெய் குறைவு, மிளகும் சீரகமும் மல்லியும் உள்ளியும் போட்டு அரைத்தது, மீன் துண்டும் இருக்கும், நோயாளிக்கு அது ஒரு குறையும் இல்லாத சாப்பாடு. கிரந்தி என்று அவர் தள்ளுகிற இறாலை விட்டுக்கொடுத்து, முட்டையை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். அவித்த முட்டை, பொரித்தது அல்ல. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் காயம் ஆறுவதே சீனி கட்டுப்பாட்டில் இருப்பதைப் பொறுத்தது, அதனால் சோற்றின் அளவைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள்.

கடைக்கு நேரே போய் உட்காருவது எப்போது? வீட்டில் சோறு கறி சாப்பிட்டு வயிறு ஒத்துக்கொள்கிறது, காயம் காய்ந்திருக்கிறது, அரை மணித்தியாலம் சாய்ந்துகொள்ளாமல் உட்கார முடிகிறது என்றால் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம். மோட்டார் சைக்கிள் ஓட வேண்டாம், சடாரென்று பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் வயிறு பிடித்து இழுக்கும். ஓட்டோவில் போங்கள், சின்னத் தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் பள்ளம் மேடு தெரியாது, இருமல் வந்தாலும் அதையே அழுத்திப் பிடிக்கலாம். முதல் தடவை தூரம் போகாதீர்கள். சாப்பிட்ட கையோடு வயிறு கலக்கினால் வீடு பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது கடையில் ஒழுங்கான கழிவறை இருக்க வேண்டும், வெட்கப்படாமல் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சாய்மானம் உள்ள கதிரையில் இருங்கள், வாங்கு வேண்டாம். கொத்துக் கல்லுக்குப் பக்கத்து மேசை வேண்டவே வேண்டாம், அந்த மிளகாய்ப் புகைக்கு இரண்டு இருமல் இருமினால் தையல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லலாம்.

நேரம் முக்கியம். பகல் சாப்பாட்டுக்குச் சனம் கூடுவதற்கு முன்பே, பன்னிரண்டு மணியளவில் போய்விடுங்கள். அப்போதுதான் கறி இறங்கியிருக்கும், பரிமாறுகிறவருக்கும் நீங்கள் சொல்வதைக் கேட்கப் பொறுமை இருக்கும். மூன்று மணிக்குப் போனால் சட்டியின் அடியில் எண்ணெயும் உப்பும் சுண்டிய மிச்சம்தான், அதுவும் நம்முடைய வெக்கையில் காலையிலிருந்து வெளியே இருந்த கறி, புதிதாக வெட்டித் தைத்த வயிற்றுக்கு எதற்கு? காத்தான்குடிப் பக்கம் போகிறீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள், கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் எதிர்பார்க்க வேண்டாம். பின்னேரம் நோன்புக் கஞ்சி கிடைத்தால் நல்லது, தேங்காய்ப்பாலும் இறைச்சியும் சேர்த்திருப்பார்கள் என்பதால் அரைக் கோப்பையோடு நிறுத்துங்கள்.

சொல்லி வாங்கும் விதம் இதுதான்: "அண்ணன், ஒப்பரேஷன் செய்த உடம்பு, பாதிச் சோறு போடுங்க, பொரியல் வேண்டாம், மீன் ஆணத்தில நடுத்துண்டு ஒண்டு, எண்ணெயை ஒதுக்கிப்போட்டுத் தாங்க." காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ என்றால் அண்ணனுக்குப் பதில் காக்கா. ஒப்பரேஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆட்கள் காட்டும் கரிசனையைப் பார்க்க வேண்டும், "எங்க வெட்டின, எந்த டொக்டர்" என்று கேட்டு, தன்னுடைய மச்சினனுக்குப் பித்தப்பையில் எத்தனை கல் எடுத்தார்கள் என்ற கதையையும் சொல்லி, கூடவே கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி சோறும் வைத்துவிடுவார்கள். அந்தச் சோற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பாதியைக் கட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் பிரிட்ஜில் வைத்து இரவில் நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். மீனில் கொடுவா, பாரை இரண்டும் நல்லது, சதைப்பிடிப்பு, முள்ளோடு மல்லாட வேண்டியதில்லை. மரக்கறியில் முருங்கையிலைச் சுண்டலோ பொன்னாங்காணியோ இருந்தால் விடாதீர்கள். புளியாணம் வைக்கும் கடை என்றால் இரண்டு கரண்டி சோற்றில் விட்டுக் குழைத்துப் பாருங்கள், வாய்க்கசப்பு போய்விடும், எண்ணெயும் இல்லை. பார்சலில் வாங்குகிறவர்கள் கறியைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழு எண்ணெயையும் சோறு குடித்துவிடும்.

வலிக்குளிசை, படுக்கை, குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்து சிலருக்கு மலச்சிக்கல் வரும், முக்கினால் தையலில் பிடிக்கும். பப்பாசி, கதலி வாழைப்பழம், காலம் என்றால் றோட்டோரத்து வெள்ளரிப்பழம். முழுப்பழமாக வாங்கி வீட்டில் கழுவி வெட்டுங்கள், வெட்டி வைத்ததை ஈ பார்த்திருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், செவ்விளநீர் இடைக்கிடை. இஞ்சி போட்ட பிளேன்ரீ குமட்டலுக்கு உதவும். மருந்து முடியும்வரை சாராயம், பியர் பக்கமே போகாதீர்கள், சில அன்ரிபயோட்டிக்கோடு அது சேர்ந்தால் வாந்தி பிரட்டி எடுக்கும்.

மறுகா, கொத்து. என்னிடம் கேட்டால் ஒரு மாதமாவது பொறுங்கள் என்பேன். எண்ணெய் குறைத்து, உறைப்பு குறைத்து, இறைச்சி இல்லாமல் என்று சொல்லிக் கொத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பேசாமல் வீட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்னலாம். வயிறு சரியான பிறகு ஒரு கொத்தை இரண்டு பேர் பங்குபோட்டுக் கல்லடிக் கடற்கரைக் காற்றில் இருந்து தின்னுங்கள், சாப்பிட்ட பிறகு கொஞ்சத் தூரம் நடக்கவும் இடம் உண்டு. புரியாணியும் அதே கணக்கு. அதற்கிடையில் கல்யாண வீட்டில் சஹனுக்குக் கூப்பிட்டால் நைசாகத் தப்பிவிடுங்கள்: நிலத்தில் மடித்து உட்காருவது வயிற்றுக்குக் கஷ்டம், ஐந்தாறு பேர் ஒரே தட்டில் கைவைத்தால் எவ்வளவு தின்றோம் என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த சட்டித் தயிரையும் கொஞ்சம் பொறுத்துத் தொடுங்கள், எருமைப்பாலில் பசுப்பாலை விடக் கொழுப்பு அதிகம். இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி, அடுத்த நாள் வயிறு என்ன சொல்கிறது என்று பார்த்துக் கூட்டுங்கள். வாவி நண்டையும் அப்படியே, ஆனால் அதில் ஆபத்து நண்டில் இல்லை, குழம்பில் மிதக்கும் முதல்பாலில்.

காய்ச்சல், காயம் சிவந்து சீழ் வடிதல், கண் மஞ்சளாதல், சிறுநீர் தேத்தண்ணி நிறத்திலும் மலம் வெளிறியும் போதல், நிற்காத வாந்தி, நாளுக்கு நாள் கூடுகிற வயிற்றுவலி, இதில் ஒன்று வந்தாலும் நேற்றுத் தின்ற மீனில் பழியைப் போட்டுச் சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போகும்போது கிளினிக் கொப்பியையும் குடிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் கொத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.