குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டும் கொமோடோ படகும்

இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில், லபுவான் பாஜோவிலிருந்து படார், கொமோடோ தீவுகளுக்கு மூன்று நாள் படகுப் பயணம். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து அதை முன்பதிவு செய்யவே ஐந்து நாள் போய்விட்டது. பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னாலேயே 'பெயர் தவறு' என்று சிவப்பில் வந்து நிற்கும்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. நம்மூரில் பலருக்கும் அப்படித்தான். முதலில் புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. இனிஷியல் போட்டேன், இரண்டு எழுத்தாவது வேண்டுமாம். அப்பா பெயரைப் போட்டதும் உள்ளே விட்டது. மறுநாள், பாஸ்போர்ட் நகலோடு ஒத்துப்போகவில்லை என்று ரத்து. காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் மாமா, "கடலுக்குப் போவறதுக்கு ரெண்டு பேரு வேணுமாடா?" என்று சிரித்தார்.

அப்புறம்தான் பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைக் கவனித்தேன். முதல் வரியில், நாட்டுக் குறியீட்டை ஒட்டி, குடும்பப் பெயர் வரவேண்டிய இடத்திலேயே என் பெயர் இருந்தது. அதன் பின் வரி முடியும்வரை வெறும் '<<<<' தான். நகலைச் சரிபார்க்கும் கணினி படிப்பது அந்த வரியைத்தான். சரி என்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். முதல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடவும் முடியாது, அங்கேயும் அதையே திருப்பிப் போட்டேன். பத்து நிமிடத்தில் உறுதிச்சீட்டு வந்துவிட்டது.

விமான டிக்கெட்டுக்கு இதை அப்படியே செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் விதி வேறு, கேட்டுவிட்டுப் போடுங்கள்.