பிளேஸ்மென்ட் செல்லுக்கு முதல் வருடமே போகலாம்

கல்லூரியின் வேலைவாய்ப்பு மையத்தை, அதாவது பிளேஸ்மென்ட் செல்லை, பலரும் கடைசி வருடத்தில்தான் எட்டிப் பார்க்கிறார்கள். அப்போது கூட்டம் அலைமோதும். உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது. முன்னாடியே போனால் நிதானமாகப் பேசலாம்.

"எனக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். பிடித்த வேலை விளம்பரம் ஒன்றையும் உங்கள் ரெஸ்யூமையும் கொண்டுபோய், "இந்த வேலைக்கு இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். பதில் உருப்படியாக இருக்கும். பெரிய நிறுவனங்கள் பல, ரெஸ்யூமை முதலில் மென்பொருள் வைத்து வடிகட்டுகின்றன. அலங்காரக் கட்டங்களும் படங்களும் இருந்தால் அது சரியாகப் படிக்காமல் போகலாம். அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி நேர்காணல் வைத்தால் கூச்சப்படாமல் பெயர் கொடுங்கள். உளறுவதையெல்லாம் அங்கேயே உளறித் தீர்த்துவிடலாம்.

அப்புறம், நீங்கள் விரும்பும் துறையில் இருக்கும் முன்னாள் மாணவர்களின் தொடர்பு கிடைக்குமா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், அங்கே கிடைப்பதிலேயே பெரிய உதவி இதுதான். அவர்களிடம் எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்க வேண்டாம். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும், இப்போதே எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று விசாரியுங்கள்.

படிப்பு முடிந்த பிறகும் சில கல்லூரிகள் இந்த உதவியைத் தருகின்றன. உங்கள் கல்லூரியில் உண்டா என்று கேட்டு வையுங்கள்.