செராய்த் தாளில் உடுக்கை தேடுவோம்: வீட்டிலேயே ஒரு ஃபைட்டோலித் ஸ்லைடு

செராய் எனும் எலுமிச்சைப் புல்லின் தாளையோ லாலாங் எனும் காட்டுப் புல்லையோ வெறுங்கையால் உருவினால் விரலைக் கீறும். கீறுவது ஓரத்தில் இருக்கும் சிலிக்கா முட்கள்; மணலும் கண்ணாடியும் ஆன அதே பொருள்தான் சிலிக்கா. மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை வேர் தண்ணீரோடு உறிஞ்சுகிறது. தண்ணீர் இலை வழியே ஆவியாகிவிட, சிலிக்கா செல்லுக்குள் தங்கி, அந்தச் செல்லையே அச்சாக்கி இறுகிவிடுகிறது. இந்தக் கண்ணாடித் துகளுக்குத்தான் ஃபைட்டோலித் என்று பெயர். இலை மக்கினாலும் எரிந்தாலும் துகள் கிடக்கும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் விதை, இலை எதுவும் மண்ணில் அதிக நாள் தாங்காது. அதனால்தான் வெப்பமண்டலத்தில் பழங்கால மண்ணைத் தோண்டும் தொல்லியல் ஆய்வாளர்கள் இதை விடாமல் தேடுகிறார்கள்.

மண்ணில் தேடுவதற்கு முன், பெயர் தெரிந்த செடியில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டும். செராயில் தொடங்குங்கள், அதன் துகள் உடுக்கை மேளத்தின் வடிவில் இருக்கும். பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் மேல்தாளை வெட்டி எறிந்திருப்பார்கள். தாளோடு கேட்டு வாங்குங்கள். அடுத்து தென்னை ஓலை, பிறகு வாழை இலை.

தேவையானவை

மூடியோடு சிறிய பீங்கான் மூசை (கடும் சூடு தாங்கும் கிண்ணம்), இடுக்கி, கண்ணாடிச் சோதனைக் குழாய்கள், வெள்ளை வினிகர், காய்ச்சி வடித்த தண்ணீர், 95% எத்தனால், கிராம்பு எண்ணெய், ஸ்லைடு, அதன்மேல் மூடும் மெல்லிய கண்ணாடிக் கவர் ஸ்லிப், 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி. கவர் ஸ்லிப் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, கிராம்பு எண்ணெய் அதை அரித்துவிடும்.

1. கழுவுதல்

அலுப்பான வேலைதான், ஆனால் பாதி ஸ்லைடுகள் கெடுவது இங்கேதான். சாலைத் தூசியில் வேறு புல்லின் ஃபைட்டோலித்தும் மணலும் இருக்கும். தாளைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் விரலால் தேய்த்து, மூன்று முறை அலசி, கடைசியாக வடித்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, காகிதத்தால் மூடி உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயிலில் திறந்து போட்டால் கழுவியதே வீண்.

2. சாம்பலாக்குதல்

உலர்ந்த தாள் 2 கிராம் போதும். முதலில் திறந்த மூசையில், வீட்டுக்கு வெளியே, புகை அடங்கும் வரை கருக்குங்கள். பிறகு மூடி, சூட்டை மெல்ல ஏற்றுங்கள். சட்டென்று ஏற்றினால் பீங்கான் விரியும். ஆய்வகத்தில் 500 டிகிரி செல்சியஸ் உலையில் 3 முதல் 4 மணி நேரம் வைப்பார்கள். கேஸ் அடுப்பில் அளவு பார்க்க ஒரு வழி உண்டு: விளக்கை அணைத்தால் மூசையின் அடி மங்கிய சிவப்பாகத் தெரிய வேண்டும். ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டால் சூடு அதிகம். இலையிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவை உருக்கி, உருவமெல்லாம் கலைந்த கண்ணாடிக் கட்டியாக்கிவிடும். கரியடுப்பு வேண்டாம், அதன் சாம்பல் பறந்து உள்ளே விழும்.

சாம்பல் வெளிர் சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும். கறுப்பாகவே நின்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். கரித்துகளைச் சுற்றி உப்பு மூடிக்கொண்டிருக்கும். ஆறவைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, உலர்த்தி, மறுபடி சூடேற்றினால் வெளுக்கும். மூசையைத் திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு முகக்கவசம் போடுங்கள். மூச்சில் போகக் கூடாத தூள் இது.

3. வினிகர்

சாம்பலைக் குழாயில் இட்டு 10 மில்லி வினிகர் ஊற்றுங்கள். நுரைப்பது சுண்ணாம்பு. இலையில் இருந்த கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் எரியும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுவதால் வினிகரே அதைக் கரைத்துவிடும், வீட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட வேண்டியதில்லை. நுரை நிற்கும் வரை வினிகரை மாற்றி, பிறகு வடித்த தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள்.

ஒவ்வொரு முறையும் தெளிய விட வேண்டும். வேகமாகச் சுழற்றித் துகளை அடியில் இறக்கும் சென்ட்ரிஃபியூஜ் இல்லையென்றால் பொறுமைதான் கருவி: 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) துகள் 5 சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் மேல்தண்ணீரைக் கொட்டினால் தென்னையில் வரும் சிறிய உருண்டைகள் அதோடு போய்விடும். "தென்னையில் ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சிங்க்கில் கொட்டியவர்கள்.

கடைசியாக எத்தனாலில் ஒருமுறை கழுவி, நன்றாக உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் பால்போலக் கலங்கும்.

4. ஸ்லைடு

பல்குச்சி நுனியில் ஒட்டுகிற அளவு தூள், ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய், மேலே கவர் ஸ்லிப். கிளிசரின் வேண்டாம். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் ஒளிவிலகல் எண் ஃபைட்டோலித்துக்கு 1.41 முதல் 1.47 வரை, கிளிசரினுக்கு 1.47; இரண்டும் நெருங்கியிருப்பதால் துகள் கரைந்ததுபோல மறைந்துவிடும். கிராம்பு எண்ணெய் சுமார் 1.53 என்பதால் விளிம்பு தெளிவாக நிற்கும். நுண்ணோக்கியின் ஒளித்துளையையும் பாதி மூடிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் இறுகாது என்பது நமக்கு வசதி. கவர் ஸ்லிப்பின் ஓரத்தைக் குச்சியால் லேசாகத் தட்டினால் துகள் புரளும். புரட்டிப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்.

என்ன தெரியும்

செராயில் வரிசை வரிசையாக உடுக்கைகள்: இரண்டு பக்கமும் புடைத்து, நடுவில் ஒடுங்கியவை. அதையே புரட்டினால் வெறும் செவ்வகம். தென்னையில் உடுக்கை கிடையாது. முள் நிறைந்த உருண்டைகள் மட்டும், உரிக்காத ரம்புத்தானைச் சுருக்கி வைத்தாற்போல. வாழையில் ஆட்டுக்கல் மாதிரி மேலே குழி உள்ள கட்டிகள், நரம்பை ஒட்டி அணிவகுத்து நிற்கும். கேழ்வரகு இலையில் குதிரைச் சேணம் போன்ற வடிவம் தெரியும். நெல் இலையில் விசிறி.

துகள் ஃபைட்டோலித்தா, மணலா என்று சந்தேகமா? விளக்குக்கு மேலே ஒரு போலராய்டு தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி), கண்ணருகே இன்னொன்று. இரண்டையும் குறுக்காகத் திருப்புங்கள். மணல் மின்னும், ஃபைட்டோலித் இருண்டுவிடும்.

ஒரு வடிவத்தை வைத்து ஒரு செடியைச் சொல்லிவிட முடியாது. ஒரே செடி பல வடிவங்களைத் தரும். பல செடிகள் ஒரே வடிவத்தைத் தரும். லாலாங்கிலும் உடுக்கைதான். அதனால் ஆய்வாளர்கள் ஒரு மாதிரியில் குறைந்தது 200 துகளாவது எண்ணி, விகிதத்தைப் பார்க்கிறார்கள். நெல் விசிறியின் விளிம்பில் மீன்செதில் போன்ற வெட்டுகள் உண்டு. ஒன்பதும் அதற்கு மேலும் வெட்டுள்ள விசிறிகளின் பங்கு காட்டுநெல்லைவிடப் பயிர்நெல்லில் கூடுதல். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் நெல் பயிரான வரலாற்றை ஆராய இது ஒரு அளவுகோல். பாப்புவா நியூகினியின் குக் என்னும் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டார்கள் என்பதற்கும் அந்த ஆட்டுக்கல் துகள்கள்தான் முக்கியச் சான்று. உண்ணும் வாழைக்கு விதை இல்லை, மகரந்தமும் நிற்காது. வேறு என்ன கிடைக்கும்?

மண்ணிலிருந்து பிரிக்க அடர்த்தி 2.3 அளவிலான சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான உப்புக் கரைசல் வேண்டும். 2.65 அடர்த்தியுள்ள மணல் அதில் மூழ்கும், ஃபைட்டோலித் மிதக்கும். விலை கடிக்கும், அது ஆய்வக வேலை.

ஸ்லைடில் செடியின் பெயர், எந்தப் பகுதி, பறித்த இடம், தேதி நான்கையும் எழுதுங்கள். மூன்று ஸ்லைடு சேர்ந்ததும் பெயரை மறைத்து யாரையாவது ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லி, நீங்கள் எண்ணிப் பாருங்கள். தென்னையும் வாழையும் முதல் நாளிலேயே பிடிபடும். லாலாங்கையும் செராயையும் பிரிக்க முடியவில்லை என்றால் பிழை உங்களுடையது அல்ல. குறிப்பேட்டில் "உடுக்கை வகைப் புல்" என்று மட்டும் எழுதுங்கள்.