செக்கன்ட்ஹேண்ட் போன் வாங்கப் போறீங்களா? முதல்ல அத வெயிலுக்க கொண்டு வாங்க

எங்கட ஒழுங்கைக்குள்ள ஆரு போன் வாங்குறதெண்டாலும் முதல்ல என்னட்டத்தான் வருவாங்க, டொக்டரிட்ட ரிப்போர்ட் காட்டுற மாதிரி. போன கிழமை பக்கத்து வீட்டு மாமி வந்து, "மனே, இவன் சின்னவன் ஒரு போன் பாத்து வச்சிருக்கான், நீ ஒருக்காப் போய்ப் பாத்துத் தா, நாளைக்கு ஏதும் எண்டா உன்னத்தான் கேப்பன்" எண்டு சொல்லிட்டுப் போறா. சம்பளம் இல்லாத வேலை, ஆனா வொரண்டி மட்டும் நான் குடுக்கணும். அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வச்சிட்டன், இனி ஆரும் வந்தா இத அனுப்பிட்டு நான் படுப்பன்.

ஏன் புதுசு வாங்கேல்லயா எண்டு கேப்பீங்க. வாங்கலாம், காசு இருந்தா. ஆனா என்ட கணக்குப்படி அதே காசுக்கு வாற புது மலிவுப் போன விட, ரெண்டு மூண்டு வருசத்துக்கு முந்தின நல்ல போன் எவ்வளவோ மேல். புதுசில என்ன கூடுது சொல்லுங்க. 200 மெகாபிக்சல் எண்டு பெட்டியில பெரிசா அடிச்சிருப்பான், சும்மா படம் எடுத்துப் பாத்தா 12.5 மெகாபிக்சல்தான் வரும், ஏனெண்டா பக்கத்துப் பக்கத்தில இருக்கிற 16 பிக்சல ஒண்டாச் சேத்துத்தான் அது வழமையா வேலை செய்யும். அதையும் வாட்ஸ்அப்ல அனுப்பி இன்னும் நசிச்சிருவம். மலிவுப் போன்ல பின்னுக்கு ஒட்டியிருக்கிற அந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ கமரா இருக்கே, அது கமரா இல்ல, கண்ணூறு படாம வச்ச பொட்டு. 8 ஜிபி ரேம், அதோட இன்னொரு 8 ஜிபி எண்டு போட்டிருந்தா அந்த ரெண்டாவது 8 ஸ்டோரேஜில இருந்து கடன் வாங்கினது, கடன வாங்கிக் கலியாண மண்டபம் எடுத்த மாதிரி, பாக்கிறதுக்கு வடிவா இருக்கும், வேகம் வராது. ஏஐ எண்டா அதுக்கு இன்னும் கொஞ்சம் தமிழ் படிப்பிக்க வேணும். கூகுள் 2017லயே இலங்கைத் தமிழுக்கு வொயிஸ் டைப்பிங் விட்டிட்டு, ஆனா நான் கூட்டாளிக்கு எங்கட ஊர் வழக்கில "என்னகா" எண்டு சொன்னா அது இண்டைக்கும் "என்னக்கா" எண்டு எழுதுது, அவன் மீசை வச்ச ஆம்பிள.

சரி, விசயத்துக்கு வாறன். முதல்ல வீட்ட இருந்தே பாக்கிறது அந்தப் போனுக்கு அப்டேட் இன்னும் எத்தின வருசம் வரும் எண்டு. கூகுள்ட பிக்சல் 8 போனுக்கும் (2023) சம்சுங்ட கலக்ஸி எஸ்24க்கும் (2024) வெளிவந்த நாள்ல இருந்து 7 வருசம் எண்டு கொம்பனியே சொல்லியிருக்கு, அதுக்கு முந்தினதுகளுக்கு குறைவு. ஐபோன்ல 2025 செப்டம்பர்ல வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11க்குக் கீழ இருக்கிறதுகளுக்கு இல்ல, அதால எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் எல்லாம் "புத்தம் புதுசு மாதிரி ப்ரோ" எண்டு விளம்பரம் வந்தாலும் தொடாதீங்க. அன்ட்ரொய்ட் எண்டா செட்டிங்ஸ்ல அபௌட் போனுக்குள்ள போய் செக்கியூரிட்டி பட்ச் எந்த மாசம் எண்டு பாருங்க, அது ஒரு வருசம் பழசா இருந்து, அப்டேட் தேடிப் பாத்தும் புதுசா ஒண்டும் வரேல்லயெண்டா அந்தப் போன கொம்பனி கைவிட்டிட்டு எண்டுதான் எடுக்கணும்.

இனி வெயில். இதுதான் என்ட முக்கியமான பாடம், சொந்தக் காசில படிச்சது. ரெண்டு வருசத்துக்கு முதல் டவுன்ல ஒரு கொமினிகேஷன் கடையில ராவு ஏழு மணிக்கு ஒரு போன் எடுத்தன், பேர் வேணாம். உள்ளுக்கு ஏசி, மேல வெள்ள லைட், போன் சும்மா நகைக்கடை மோதிரம் மாதிரி மின்னுது, நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அஞ்சு நிமிசம் தட்டிப் பாத்திட்டு காசக் குடுத்திட்டன். அடுத்த நாள் பகல் பன்ரெண்டு மணிக்கு மட்டக்களப்பில கல்லடிப் பாலத்தில நிண்டு ஆத்தப் படம் எடுப்பம் எண்டு தூக்கினா, ஸ்கிரீனுக்கு நடுவால மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக் கோடு, ராவு முழுக்க எங்க ஒளிச்சிருந்துதோ தெரியா. திரும்பக் கொண்டு போனா, "நீங்க விழுத்திட்டீங்க அண்ணன்" எண்டான். அமோலெட் ஸ்கிரீனுக்குப் போற மெல்லிய இணைப்புகள் பழுதாகத் தொடங்கினா குளிருக்குள்ள ஒண்டும் தெரியாமலே இருக்கலாம், சூடேறினாத்தான் குணம் காட்டும். அதால பகல்ல போங்க, விக்கிற ஆள வெளிய கூப்பிடுங்க, வரமாட்டன் எண்டா நீங்களும் வாங்காதீங்க.

வெளிய வந்து என்ன செய்யிற எண்டா, வெளிச்சத்த முழுசாக் கூட்டி வச்சு கமராவப் போட்டு ஒரு பத்து நிமிசம் வீடியோ எடுங்க, ஆக உயர்ந்த தரத்தில. விக்கிறவர் முழிப்பார், முழிக்கட்டும். சூடாகும், கொஞ்ச நேரத்தில ஸ்கிரீன் மங்கும், அது போன் தன்னக் காப்பாத்திற வேலை, பிழை இல்ல. நீங்க பாக்கிறது வேற: கோடு வருதா, விரல் வைக்காமலே ஸ்கிரீன் தன்பாட்டுக்கு அமத்துதா, கமரா இடையில நிக்குதா, பத்து நிமிசத்தில பெட்டரி எத்தின வீதம் இறங்குது. ஆப்பிளே ஐபோன 0 பாகையில இருந்து 35 பாகை வரைக்கும் உள்ள இடத்தில பாவிக்கத்தான் சொல்லுது. கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எங்களுக்கு 35 எண்டுறது மர நிழல். (கச்சான் எண்டோன கடலைய யோசிக்கிற வெளியூர்க்காரங்களுக்கு: இது மேல்க்காத்து, வயலையும் மனுசனையும் சேத்துக் காயவைக்கும்.)

வெயில்ல நிக்கிற நேரமே ஸ்கிரீனுக்கும் சட்டத்துக்கும் இடையில வடிவா விரல ஓட்டிப் பாருங்க, எங்கயாவது பசை வெளிய வந்திருக்கா, ஒரு பக்கம் கிளம்பியிருக்கா எண்டு. கண்ணாடி மேசையில ஸ்கிரீன் மேல பாக்க வச்சிச் சுத்தி விட்டா பம்பரம் மாதிரிச் சுத்தினா, பின்பக்கம் வீங்கியிருக்கு, அதாவது பெட்டரி ஊதியிருக்கு. அத வச்சிட்டு நடந்து வந்திருங்க, விலை குறைச்சாலும். சம்சுங் எண்டா டயல் பண்ணுற இடத்தில *#0*# அடிங்க, சிவப்பு, பச்சை, நீலம் எண்டு முழு ஸ்கிரீனும் ஒவ்வொரு நிறமா வரும், பழைய வாட்ஸ்அப் கீழ்ப்பட்டி, யூடியூப் சின்னம் எல்லாம் ஆவி மாதிரித் தெரிஞ்சா ஸ்கிரீன் எரிஞ்சிட்டு எண்டு அர்த்தம். மற்றப் போன்ல சும்மா ஒரு சாம்பல் நிறப் படத்தத் திறந்து பாத்தாலும் காணும். ஸ்பீக்கர், மைக் எல்லாத்துக்கும் ஒரு கோல் எடுத்துக் கதைச்சாக் காணும், அதுக்குப் பெரிய விளக்கம் வேணாம்.

அடுத்தது உப்பு. வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் நாங்க எல்லாரும் ஒரு பக்கம் கடல், கனபேர் மற்றப் பக்கம் ஆறு எண்டு இருக்கிற ஆக்கள். ஐபி68 போன் தண்ணிக்குத் தாங்கும் எண்டு சொல்லி விப்பாங்க. அந்த 68 ஆய்வுகூடத்தில நல்ல தண்ணியில வச்சுப் பாத்த கணக்கு, அதுவும் புதுசா, திறக்காம இருக்கிற போனுக்கு. பாசிக்குடாவில குளிச்ச போனுக்கோ, ஒருக்கா ஸ்கிரீன் மாத்தின போனுக்கோ அது பொருந்தாது. சிம் தட்டைக் கழட்டி உள்ளுக்கு டோர்ச் அடிங்க, ஐபோன்லயும் கன சம்சுங்லயும் அந்த ஓட்டைக்குள்ள வெள்ளையா ஒரு சின்ன ஸ்டிக்கர் தெரியும், அது சிவப்பா மாறியிருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. சார்ஜ் பண்ணுற ஓட்டைக்குள்ளயும் டோர்ச் அடிங்க, பச்சையாப் பூத்திருந்தா அது உப்பு வேலை. பிறகு சார்ஜரக் குத்தி மெதுவா ஆட்டிப் பாருங்க, விட்டு விட்டு ஏறுதா எண்டு.

போன் தண்ணிக்குள்ள விழுந்தா அரிசிக்குள்ள போடுற ஆக்கள் இன்னும் இருக்கிறாங்க. அம்பாறை வயல் எல்லாம் போன் காயவைக்கிறதுக்கா விளையுது? ஆப்பிள் தன்ட உதவிப் பக்கத்திலயே அரிசிக்குள்ள போடாதீங்க, துகள் போய் பழுதாக்கும் எண்டு எழுதி வச்சிருக்கு. ஓட்டை கீழ பாக்கப் பிடிச்சு மெல்லத் தட்டி, காத்து வாற இடத்தில வைங்க, சார்ஜ் போடாதீங்க. உப்புத் தண்ணி எண்டா அதோட நிக்காம கெதியாத் திருத்துற ஆளிட்டக் கொண்டு போங்க, தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ளுக்க இருந்து தின்னும்.

பெட்டரி. ஐபோன்ல பெட்டரி ஹெல்த் எண்டு ஒரு வீதம் காட்டும், 80க்குக் கீழ எண்டா மாத்துற செலவ விலையில கழிச்சுக் கேளுங்க. ஐபோன் 14 வரைக்கும் 500 சுற்று சார்ஜுக்கும், 15ல இருந்து 1000 சுற்றுக்கும் 80 வீதம் நிக்கிற மாதிரித்தான் செய்தது எண்டு ஆப்பிள் சொல்லுது, 15ல இருந்து சுற்று எத்தின எண்டே போன் காட்டும். மூண்டு வருசம் பாவிச்ச போன்ல 100 வீதம் எண்டு காட்டினா சந்தோசப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஜெனரலுக்குள்ள அபௌட்டுக்குப் போனா மாத்தின பாகங்கள் இருந்தா காட்டும், அதில அன்னோன் பார்ட் எண்டு இருந்தா உள்ளுக்கு இருக்கிறது ஆருட பெட்டரியோ.

இனிப் பூட்டு. இதில ஏமாந்தா போன் இல்ல, கல்லுத்தான் மிச்சம். விக்கிறவர் உங்களுக்கு முன்னாலயே தன்ட கூகுள் அக்கவுண்டயோ ஆப்பிள் அக்கவுண்டயோ கழட்டி, செட்டிங்ஸ்க்குள்ளால போய் எல்லாத்தையும் அழிச்சு, திரும்ப ஓன் பண்ணி, நீங்க புதுசா செட் பண்ணி முகப்பு வரைக்கும் வந்தாப் பிறகுதான் காசு. "நான் வீட்ட போய்க் கழட்டுறன்", "பாஸ்வேர்ட் மச்சானுக்குத்தான் தெரியும், அவன் கட்டாரில" எண்டா மச்சான் வந்தாப் பிறகு வாங்குவம் எண்டு சொல்லிட்டு வாங்க. அதோட *#06# அடிச்சா 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பர், அதாவது அந்தப் போன்ட அடையாள நம்பர் வரும், பெட்டியில இருக்கிறதோட ஒண்டாப் பாருங்க. பிறகு மெசேஜ்ல இங்கிலீஷ்ல ஐஎம்ஈஐ எண்டு நாலு எழுத்து அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தயும் போட்டு 1909க்கு அனுப்புங்க, தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில அந்தப் போன் பதிவா எண்டு பதில் வரும். ஒரு மெசேஜ் காசுக்குக் கஞ்சப்படாதீங்க.

எங்கட பக்கம் விக்கிற நல்ல ஐபோன்ல பாதி வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள்ட பெட்டிக்குள்ள வந்ததுதான், காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை எல்லாம் அப்பிடித்தான். அதில ஒரு புதுக் கூத்து. கட்டார், சவூதி, குவைத், எமிரேட்ஸ், ஓமான், பஹ்ரைன் எல்லாத்திலயும் விக்கிற ஐபோன் 17க்கு சிம் தட்டே இல்ல, ஈசிம் (போனுக்குள்ளயே இருக்கிற, கழட்ட ஏலாத சிம்) மட்டும்தான். அமெரிக்காவில இருந்து வாறது 14ல இருந்தே, அதாவது 2022ல இருந்து அப்பிடி. இஞ்சயும் ஈசிம் குடுக்கிறாங்க, ஓடும், அது பிரச்சினை இல்ல. பிரச்சினை என்னெண்டா ஒரு நாள் போன் செத்தா சிம்மக் கழட்டி அம்மாட பட்டன் போன்ல போட்டு அவசரத்துக்குக் கதைக்க ஏலாது, அத யோசிச்சு வாங்குங்க. ஜப்பான்ல இருந்து வந்த ஐபோன் எண்டா படம் எடுக்கக்க வாற சத்தத்த நிப்பாட்ட ஏலாம இருக்கலாம், சோதிச்சுப் பாருங்க, இல்லாட்டி கோயில்ல பூசை நேரம் படம் எடுத்தா ஐயர் திரும்பிப் பாப்பார். எங்க இருந்து வந்தாலும் அபௌட்டுக்குள்ள கரியர் லொக் (ஒரு கொம்பனிட சிம்முக்கு மட்டும் பூட்டியிருக்கா எண்டு காட்டுறது) எண்ட இடத்தில நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் எண்டு இருக்கணும், இல்லாட்டி உங்கட சிம் அதில வேலை செய்யாது.

சார்ஜர் அதோட தந்தாலும் வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன், அந்த இத்துப்போன சாமான் வீட்டு 230 வோல்ட்டில என்ன செய்யும் எண்டு ஆருக்கும் தெரியா. நல்லதா ஒண்டு, சதுரப் பின் உள்ளதா வாங்குங்க. ஐரோப்பாவில சட்டம் போட்டதால 2024 டிசம்பர் 28ல இருந்து அங்க விக்கிற போன் எல்லாம் டைப்-சி, ஐபோன் 2023லயே மாறிட்டு, எங்கட வீட்டு லாச்சிக்குள்ள சிக்கிக் கிடந்த வயர்ப் பாம்புகள் அரைவாசி குறைஞ்சதுக்கு அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

காசு குடுக்கக்க ஒரு கடதாசி எழுதி வாங்குங்க: போன்ட மொடல், ஐஎம்ஈஐ, விலை, திகதி, விக்கிறவர்ட பேரும் ஐடென்டிகார்ட் நம்பரும் கையெழுத்தும். கடை எண்டா பில்லில ஐஎம்ஈஐ இருக்கணும். "என்ன நம்பிக்கை இல்லையா" எண்டு கேப்பாங்க, நம்பிக்கை இருக்கு, கடதாசியும் வேணும் எண்டு சொல்லுங்க.

மாமிட சின்னவனோட போய்ப் பாத்த போன் என்னாச்சு எண்டா, வெயிலுக்க ஏழாவது நிமிசம் கமரா நிண்டுட்டு. வித்த பொடியன் நல்ல பொடியன், தனக்கும் தெரியா எண்டான், உண்மையா இருக்கும். நாங்க வாங்கேல்ல. மாமி இப்ப என்னோட கதைக்கிறதில்ல, சின்னவனுக்கு அந்தப் போன்ட நிறம் சரியாப் பிடிச்சிருந்ததாம்.