செய்து முடித்தாயிற்று, நோயாளிக்கு என்ன நடந்தது? தாதிய மாணவர்களுக்கு ஒரு செய்முறை

தாதியக் கவனிப்புத் திட்டத்தின் முதல் மூன்று கட்டங்களை நீங்கள் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள்: நோயாளியை மதிப்பிடுவது, பிரச்சினையை இனங்காண்பது, இலக்கு வைப்பது. அவற்றுக்குள் இங்கே போகவில்லை. ஆஸ்பத்திரி விடுதிக்கு (வார்ட்டுக்கு) வந்த பிறகு மாணவர்கள் திணறுவது கடைசி இரண்டிலும்தான். திட்டத்தைச் செயற்படுத்துவது ஒன்று, செய்ததால் பலன் வந்ததா என்று பார்ப்பது மற்றது.

நான் பயிற்சியில் இருந்தபோது எழுதிய ஒரு திட்டம் திரும்பி வந்தது. கடைசி நிரலில் ஆறு இடத்திலும் ஒரே வசனம் எழுதியிருந்தேன்: "மருந்து கொடுக்கப்பட்டது. கவனிப்பு தொடர்கிறது." பக்கத்தில் ரியூட்டர் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "சரி, ஐயாவுக்கு என்ன நடந்தது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் செய்தது எல்லாம் தாளில் இருந்தது, அவருக்கு நடந்தது எதுவுமே இல்லை. அன்றைக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் கையில் என்ன இருக்க வேண்டும்

சட்டைப் பைக்குள் போகும் சின்னக் கொப்பி ஒன்று, பேனை ஒன்று, விநாடி முள் உள்ள மணிக்கூடு ஒன்று. போனில் பார்த்து நாடி எண்ணுவதை நான் ஏற்பதில்லை. அழைப்பு வந்தால் எண்ணிக்கை போய்விடும், கையின் அழுக்கும் போனில் ஏறும். கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள்: நேரம், கண்டது, செய்தது, திரும்பப் பார்க்கும் நேரம், அப்போது கண்டது. நோயாளியின் பெயரை அதில் எழுத வேண்டாம், கட்டில் இலக்கம் போதும்.

நாலாவது நிரல்தான் உயிர். ஒன்றைச் செய்த கையோடு, திரும்ப எத்தனை மணிக்கு வந்து பார்ப்பேன் என்பதை எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் விடுதியில் அந்தப் "பிறகு" வரவே வராது.

படி 1: செய்வதற்கு முன் ஒருதரம் பாருங்கள்

காலையில் போட்ட திட்டம் பத்து மணிக்குப் பழசாகியிருக்கலாம். நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள், ஆனால் இப்போது அவருக்குத் தலை சுற்றுகிறது. அப்படியென்றால் பிரஷரைப் பார்க்காமல் எழுப்பக் கூடாது.

ஆளை உறுதிப்படுத்துவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "நீங்கள்தானே இன்னார்?" என்று கேட்காதீர்கள். காது மந்தமான ஆச்சி எதைக் கேட்டாலும் "ஓம் பிள்ளை" என்பார். "உங்கட பேர் என்ன அம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் சொன்னதைப் பெட் ஹெட் ரிக்கெற்றோடு, அதாவது அவருடைய விடுதிப் பதிவேட்டோடு, ஒப்பிடுங்கள். நெருக்கடியான விடுதியில் கட்டில் மாறிக்கொண்டே இருக்கும். கட்டில் இலக்கத்தை நம்பி மட்டும் மருந்து கொடுக்கவே கூடாது.

படி 2: யார் செய்வது என்று பிரியுங்கள்

நீங்களாகவே செய்யக்கூடியவை உண்டு. தலைப்பக்கத்தை உயர்த்துவது, மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது இந்த வகை. மருந்து, சேலைன் போன்றவை வைத்தியர் எழுதினால்தான். இயன்மருத்துவரோடு சேர்ந்து செய்பவையும் உண்டு. இந்தப் பிரிப்பு பரீட்சைக்கு மட்டும் உதவும் என்று நினைத்திருந்தேன். விடுதியில் அதன் பயன் வேறு: மருந்து நேரம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை, முதல் வகையில் இப்போதே செய்ய ஏதாவது இருக்கும்.

படி 3: என்னைத் தடுக்கி விழுத்திய இடம்

ஓர் உதாரணம். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபது வயது தாண்டிய ஐயா, புகையிலைத் தோட்டம் செய்தவர், நெடுங்காலம் சுருட்டுக் குடித்தவர். வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். இப்படிப்பட்டவர் ஆழமாக மூச்செடுத்து இருமிச் சளியை வெளியே எடுக்காவிட்டால் நெஞ்சில் சளி தேங்கி நியுமோனியாவில் கொண்டுபோய் விடும். ஆகவே இலக்கு இரண்டு: நோ பத்தில் மூன்றுக்குக் கீழே வர வேண்டும், தலையணையைத் தையலின் மேல் அணைத்தபடி அவர் இரும வேண்டும்.

பின்னேரம் 2 மணிக்கு, எழுதியிருந்தபடி பரசிற்றமோல் 1 கிராம் வாயால் கொடுத்தேன். வாயால் கொடுத்த வலி மருந்துக்கு ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்க்க வேண்டும் என்பதால் நாலாவது நிரலில் 3 மணி என்று எழுதினேன்.

3 மணிக்குப் போய், "நோ எப்படி ஐயா?" என்றேன். "பரவாயில்லைப் பிள்ளை." "நோ குறைந்தது, இலக்கு நிறைவேறியது" என்று எழுதப் பேனையைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் அவருடைய வலது கை கண்ணில் பட்டது. போர்வைக்குள்ளே தையலை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணினேன், 26. ஒவ்வொன்றும் மேலோட்டமான மூச்சு. தொண்டையில் இருமல் வரும்போதெல்லாம் அதை விழுங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் மூத்தவர்களின் "பரவாயில்லை" நோவின் அளவைச் சொல்லாது. உங்களைக் கரைச்சல் படுத்தக் கூடாது என்ற நினைப்பைத்தான் சொல்லும். பத்துக்கு எத்தனை என்ற கேள்வியும் பலருக்குப் பிடிபடாது. "தாங்கேலாத நோ பத்து ரூபாய் என்றால் இப்ப எத்தனை ரூபாய்?" என்று கேட்டேன். "மூண்டு" என்றார். "சரி, தலையணையைப் பிடிச்சுக்கொண்டு ஒருக்கா இருமுங்கோ." முகம் சுருங்கியது, இருமல் பாதியில் நின்றது. "இப்ப எத்தனை?" "எட்டு."

வயிற்றிலோ நெஞ்சிலோ வெட்டியவரின் நோவைப் படுத்திருக்கும்போது மட்டும் அளந்தால் தவறான விடைதான் கிடைக்கும். அசையும்போதும் இருமும்போதும் அளந்தே ஆக வேண்டும். அவருக்கு நாம் வைத்த இலக்கே இருமுவதுதானே.

சிஸ்டரிடம் சொன்னேன், வைத்தியருக்கு அறிவித்தோம், அவர் வந்து பார்த்து வேறொரு வலி மருந்தும் சேர்த்து எழுதினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி வைத்து, தலையணையை எப்படி அணைப்பது என்று திரும்பவும் காட்டிக் கொடுத்தேன். 5.30க்கு இருமும்போது நோ நாலு, மூச்சு 20, மஞ்சள் சளி வெளியே வந்தது.

படி 4: எழுதுவது

"மருந்து கொடுக்கப்பட்டது, நோயாளி வசதியாக உள்ளார்" என்ற வசனத்தை வைத்து அடுத்து வருபவர் என்ன செய்ய முடியும்? இப்படி எழுதுங்கள்: "பி.ப. 5.30. ஓய்வில் நோ 2/10, இருமும்போது 4/10. சுவாசம் நிமிடத்துக்கு 20. தலையணை அணைப்போடு இருமி மஞ்சள் சளி வெளியேற்றினார். இலக்கு ஓரளவு நிறைவேறியது. இனி மூச்சுப் பயிற்சிக்கு ஒரு மணித்தியாலம் முன் வலி மருந்து கிடைக்கும்படி நேரத்தைத் திட்டமிடுதல்."

கண்ட அளவு, இலக்கோடு ஒப்பிட்ட தீர்ப்பு, அடுத்த நடவடிக்கை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. தீர்ப்பு மூன்றில் ஒன்றுதான்: நிறைவேறியது, ஓரளவு நிறைவேறியது, நிறைவேறவில்லை. நிறைவேறவில்லை என்று எழுத மாணவர்கள் கூசுகிறார்கள், புள்ளி குறையும் என்று பயம். அது உங்கள் தோல்வி அல்ல. பின்னோக்கிப் போய்த் தேடத் தொடங்கும் இடம் அது. முதலில் எடுத்த தகவல் பிழையா, பிரச்சினையையே மாற்றி விளங்கிக்கொண்டோமா, நாலு மணித்தியாலத்தில் நடக்காத இலக்கை வைத்துவிட்டோமா, அல்லது எழுதியதை உண்மையில் யாரும் செய்யவே இல்லையா? என் அனுபவத்தில் கடைசிக் கேள்விக்குத்தான் அதிகம் விடை கிடைத்திருக்கிறது.

குறிப்பு ஆங்கிலத்தில் எழுதினாலும், நோயாளி சொன்ன சொல்லை முதலில் கொப்பியில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு ஒவ்வொன்றும் வேறு வேறு. கால் உளையுது என்பதையும் கால் விறைக்குது என்பதையும் "வலி" என்று ஒரே சொல்லில் போட்டால், நீரிழிவுக்காரரின் உணர்விழந்த பாதம் உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். 1847இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்த ஊர்க்காரராகிய நாம் நோயாளியின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்காமல் விடலாமா?

பின்சேர்க்கை

இதைப் படித்த மாணவி ஒருவர், நாலாவது நிரலில் எந்த நேரத்தைப் போடுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நான் அதை விட்டுவிட்டேன். செய்தது எப்போது வேலை செய்யும், பிழைத்தால் எவ்வளவு வேகமாகப் பிழைக்கும், இந்த இரண்டையும் வைத்துத்தான் நேரம் வரும். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கி, விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். நாளத்தில் போட்ட வலி மருந்துக்கு 15 முதல் 30 நிமிடம். இரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டுப் போகவே வேண்டாம். தானாகப் புரள முடியாதவரை வழமையாக 2 மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டும்போது இடுப்பின் அடிப்பகுதியையும் குதிக்காலையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, 2 மணித்தியால இடைவெளி அவருக்குப் போதவில்லை. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, அங்கே சூட்டையும் தடிப்பையும் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொருவரின் சிக்கல்: திரும்பப் பார்க்கும் நேரம் வருவதற்குள் டியூட்டி முடிந்துவிடுகிறது. அப்படியானால் வீட்டுக்குப் போகும் முன் கொப்பியைத் திறந்து, ஐந்தாவது நிரல் வெறுமையாக உள்ளவற்றை மட்டும் இரவு டியூட்டிக்கு வந்தவரிடம் கட்டிலடியில் நின்று சொல்லுங்கள். "11ஆம் கட்டில் ஐயா, 6.30க்கு மருந்து கொடுத்தது, 7.30க்கு இருமச் சொல்லிப் பார்க்க வேணும், பரவாயில்லை என்று சொல்லுவார்."