கொட்டியாரக் கழிமுகம் பார்க்கப் போகிறீர்களா? முதலில் மலையேறுங்கள்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியாப் பக்கம் வேர் உள்ளவர்கள் ஊருக்கு வந்தால், மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவை எப்படியும் பார்த்துவிடுவார்கள். கரையோர உவர்நீரில் வளரும் கண்டற்காட்டைக் காக்க வேண்டும் என்ற பேச்சும் அந்தக் கரையில்தான் எழும். ஆனால் அந்த ஆறு 335 கிலோமீற்றர் ஓடிவந்து அங்கே சேர்கிறது. அது கொண்டுவரும் நீரையும் மண்ணையும் முடிவுசெய்வது மலையகம். ஆகவே பயணத்தில் இரண்டு நாள்களாவது இங்கே ஒதுக்குங்கள்.

முதல் நாள் ஹோர்ட்டன் சமவெளி. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்தப் புல்வெளியும் முகில் காடும் பனிமூட்டத்தின் ஈரத்தைப் பிடித்துச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. கிழக்கே கொட்டியாரம், மேற்கே மட்டக்குளி, தெற்கே அம்பலாந்தோட்டை என மூன்று கழிமுகங்களுக்கு இது ஒரே தாய்மடி. எல்லோரும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்து மலைவிளிம்பில் படம் எடுக்க ஓடுவார்கள், எனக்கு வழியிலுள்ள ஓடைகளே பெரிது.

விடியற்காலையிலேயே தேசியப் பூங்கா வாசலில் நில்லுங்கள். ஒன்பது, பத்து மணிக்குமேல் பனிமூட்டம் பெரும்பாலும் எல்லாவற்றையும் மூடிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவு. பிள்ளைகளின் ஓகஸ்ட் விடுமுறையில்தான் வரமுடியும் என்றால் காற்றுக்கும் தூறலுக்கும் தயாராக வாருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள். பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மரை மான்கள் ஆள் பழகியவை, கிட்ட வரும்; உணவு கொடுக்காதீர்கள். விதை, செடி, மண் எதையும் எடுக்கக்கூடாது. ஆய்வு நோக்கம் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும்.

மறுநாள் அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கம் இறங்குங்கள். மழை விட்டதும் காட்டோடையையும் மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டாவது செம்மண் நிறத்தில் ஓடும். அந்த மண்ணில் பெரும்பகுதி கொத்மலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்களில் படிந்துவிடுகிறது. கழிமுகத்துக்குச் சேரவேண்டிய வண்டலும் அதோடு நின்றுவிடுகிறது. கண்டல் வளர வண்டலும் வேண்டும், நன்னீரும் வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களில் பெரியவர்களிடம் பேசுங்கள். ஊற்றுநீர் வந்து விழும் எந்தப் பீலியில் கோடையிலும் தண்ணீர் வரும், எந்த ஊற்று வற்றிப்போனது என்று நான்கு தலைமுறை அறிவு அவர்களிடம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் வரிசைகளின் வாசலில் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள். அது காட்சிக்கூடம் அல்ல, வீடு.

பிறகு கண்டி வழியே திருகோணமலைக்கு இறங்கலாம். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் எதிர்த்திசையில் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் திரும்பவே முடியாமல் இருந்தார். உங்களுக்கு பஸ் இருக்கிறது. கிண்ணியா வழியே பாலங்கள் வந்துவிட்டதால் மூதூருக்குத் துறைப்படகுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.