ஜப்பானியப் பாட்டை முதலெழுத்தால் பிடிப்பது எப்படி? கரோக்கிக்கும் ஷிரிதோரிக்கும் ஒரு தொடக்கப் பாடம்

அனிமே பார்த்துப் பார்த்து ஐம்பது அறுபது ஜப்பானியப் பாட்டு மனப்பாடம் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஜப்பானில் ஒரு கரோக்கி அறைக்குள் போய் உட்கார்ந்ததும் பலருக்குக் கை ஓடாது. மெட்டு தெரியும், தலைப்பும் தெரியும். கருவியில் அதை எந்த எழுத்தில் தேடுவது என்பதுதான் தெரியாது. எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது. அன்று பக்கத்தில் இருந்தவர் தேடிக் கொடுத்த பாட்டுகளைத்தான் பாடினேன். அடுத்த முறை போவதற்குள் ஒரு நோட்டு போட்டுத் தயாரானேன். அந்த நோட்டு போடும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். ஒருவர் பாடிய பாட்டுத் தலைப்பின் கடைசி எழுத்திலிருந்து அடுத்தவர் தொடங்கும் ‘ஷிரிதோரி’ ஆட்டத்துக்கும் அதே நோட்டுதான் கைகொடுக்கும்.

படி 1: எழுத்து வரிசையைப் பிடியுங்கள்

ஜப்பானிய ஒலியெழுத்துகள் இன்று 46. வரிசை இது: அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஒவ்வொன்றுக்குள்ளும் அ, இ, உ, எ, ஒ (ய, வ வரிசைகளில் மட்டும் சில இல்லை). கடைசியில் தனியாக ஒரு ‘ன்’.

எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ‘ஹ’ வரிசை பழைய ஜப்பானிய மொழியில் ‘ப’வாக ஒலித்தது. அதைப் ‘ப’ என்றே வைத்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நாம் ஒன்றாம் வகுப்பில் படித்த அதே ஒழுங்கு. சமஸ்கிருத எழுத்துகளைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக ஜப்பானுக்குப் போன வரிசை இது. அதனால் மற்ற வெளிநாட்டார் வாரக்கணக்கில் உருப்போடுவதை நாம் ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

சில ஒலிகள் மட்டும் இடம் மாறியது போலத் தோன்றும். ‘ஷி’ இருப்பது ச வரிசையில். ‘சி’ என்று அழுத்திச் சொல்வதும் ‘ட்ஸு’வும் த வரிசை. ‘ஃபு’ ஹ வரிசை. இஷிகாவா சாயுரி 1977இல் பாடிய ‘ட்ஸுகாரு காய்க்யோ ஃபுயுகெஷிகி’யைத் தேடினால் த வரிசைக்குப் போக வேண்டும்.

படி 2: தலைப்பின் எழுத்தைப் பார்க்காதீர்கள், வாசிப்பைக் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். தலைப்புகள் பெரும்பாலும் கான்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில் இருக்கும். ஒரே கான்ஜிக்குப் பல வாசிப்புகள் உண்டு.

எக்ஸ் குழுவின் 1989ஆம் ஆண்டுப் பாட்டு ‘குரெனாய்’. டீமன் ஸ்லேயர் தொடருக்காக லிசா 2019இல் பாடியது ‘குரெங்கே’. இரண்டு தலைப்பும் செந்நிறத்தைக் குறிக்கும் ஒரே கான்ஜியில்தான் தொடங்குகின்றன. ஆனால் முன்னதில் வருவது ‘குயில்’ என்பதில் உள்ள வல்லொலி ‘கு’. பின்னதில் வருவது ‘குரு’ என்பதில் உள்ள மெல்லொலி ‘கு’. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஜப்பானியத்திலும் ஒரே எழுத்துதான். மெல்லொலிக்கு மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள். அதைச் செல்லமாகத் ‘தென்-தென்’ என்பார்கள்.

இன்னொன்று, நட்ஸுகாவா ரிமி 2001இல் பாடிப் புகழ்பெற்ற ‘நாதா சோசோ’. முதல் கான்ஜிக்குக் கண்ணீர் என்று பொருள். வழக்கமான வாசிப்பு ‘நமிதா’. ஆனால் இந்தப் பாட்டு ஒகினாவா வழக்கைப் பிடித்து ‘நாதா’ என்கிறது. ‘நமி’ என்று தட்டினால் பாட்டு வராது.

ஆங்கில எழுத்தில் இருக்கும் தலைப்புக்கும் ஜப்பானிய வாசிப்பு உண்டு. யோனெஸு கென்ஷியின் 2018ஆம் ஆண்டு ‘லெமன்’, ஆட்டத்தில் ‘ரெமோன்’. ஜப்பானியத்தில் ‘ல’ இல்லாததால் ர வரிசைக்குப் போய்விடும்.

படி 3: நோட்டு போடுங்கள்

வரிசைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று விஷயம் மட்டும்: வாசிப்பு, முதலெழுத்து, கடைசி எழுத்து. கடைசி எழுத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். ஆட்டத்தை அதுதான் தீர்மானிக்கும்.

கடைசி எழுத்தைக் காதை மட்டும் நம்பி எழுத வேண்டாம். சகாமோதோ க்யூவின் ‘உஎ ஓ முய்தே அருகோ’ (1961) கேட்கும்போது ‘ஓ’ என்று நீளும். எழுதும்போது கடைசி எழுத்து ‘உ’. ‘நாதா சோசோ’வும் அப்படியே.

படி 4: கருவி

டாம் என்ற கரோக்கிக் கருவியில் பாட்டைத் தேடும் பலகைக்கு ‘டென்மோகு’ என்று பெயர். ‘மோகு’ வந்தது ‘மொகுஜி’ என்ற, பொருளடக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அந்தக் காலத்தில் மேசைமேல் கிடந்த தடித்த பாட்டு அட்டவணைப் புத்தகத்தின் இடத்துக்கு வந்தது இது. ஜாய்சவுண்ட் என்ற இன்னொரு கருவியில் இதன் பெயர் ‘க்யோகுநாபி’. இரண்டிலும் ‘க்யோகுமே’ என்றால் பாட்டுப் பெயர். அதைத் தொட்டு வாசிப்பின் முதல் மூன்று நான்கு எழுத்தைத் தட்டினால் போதும், பட்டியல் வந்துவிடும். சுருதி கூடினால் ‘கீ’ பொத்தானில் இரண்டு படி இறக்கிக்கொள்ளுங்கள். திரையில் ஓடும் வரிகளில் கான்ஜிக்கு மேலேயே சின்ன எழுத்தில் வாசிப்பும் வரும், பயப்பட வேண்டாம்.

படி 5: ஷிரிதோரி ஆட்டம்

ஷிரி என்றால் பின்பகுதி, தோரி என்றால் எடுப்பது. நம் பாட்டுக்குப் பாட்டில் பாடிய வரி எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கிருந்து அடுத்தவர் எடுப்பார். கரோக்கி ஷிரிதோரியில் பாட்டின் வரி கணக்கில்லை, தலைப்பின் கடைசி எழுத்துதான் கணக்கு. ‘ன்’னில் முடியும் தலைப்பை எடுத்தவர் தோற்றார், ஏனென்றால் ‘ன்’னில் தொடங்கும் ஜப்பானியச் சொல் இல்லை. நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது என்று படித்தவர்கள்தானே நாம்.

மைக்கை எடுக்கும் முன் மூன்று விஷயத்தைப் பேசி முடிவு செய்துவிடுங்கள். நெடிலைக் காட்டப் போடும் ‘ー’ கோட்டில் தலைப்பு முடிந்தால் என்ன செய்வது? யூரியின் ‘டொராய் ஃபுராவா’ (2020) அப்படி முடிகிறது. சிலர் ‘வ’ என்பார்கள், சிலர் ‘அ’ என்பார்கள். தென்-தென் கோட்டை நீக்கிவிட்டு எடுக்கலாமா? சின்ன ‘ய, யு, யொ’வில் முடிந்தால் பெரிய எழுத்தாக எடுத்துக்கொள்ளலாமா? புதியவர்கள் இருக்கும் அறையில் எல்லாவற்றுக்கும் சலுகை கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. முழுப் பாட்டும் பாட வேண்டாம், முதல் சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டால் ஆட்டம் தொய்வடையாது.

படி 6: ர வரிசைதான் ஆயுதம்

இதற்கு நேரம் கொடுங்கள். பழைய ஜப்பானியச் சொற்கள் ர வரிசையில் தொடங்குவதில்லை. தமிழிலும் ரகரம் மொழிக்கு முதலாகாது, அதனால்தான் இராமன், இரத்தம் என்று எழுதினோம். ஜப்பானியத்தில் ர-வில் தொடங்குபவை பெரும்பாலும் சீனத்திலிருந்தும் ஐரோப்பிய மொழிகளிலிருந்தும் வந்த சொற்கள். ஆனால் ‘ரு’வில் முடியும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, வினைச்சொற்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் முடிவது போல இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வை வைத்து எதிராளியைத் திரும்பத் திரும்ப ‘ரு’வில் மாட்டிவிடுவதை ‘ரு-ஸெமே’, ரு தாக்குதல் என்பார்கள்.

யோவாசோபியின் ‘யோரு நி ககெரு’ (2019) பாடி ஒருவர் உங்களை ‘ரு’வில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். நோட்டில் இருக்க வேண்டிய பதில் ‘ருபீ நோ யுபிவா’. தெராஓ அகிரா பாடி 1981இல் ஜப்பான் இசைத்தட்டு விருதின் முதற்பரிசை வென்ற பாட்டு. வயதில் மூத்தவர்கள் இருக்கும் அறையில் இதை எடுத்தால் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், அதைக் கேட்கவே எனக்கு ஆசை.

அது ‘வ’வில் முடிகிறது. அடுத்தவர் அன்ஸென் சிதாயின் ‘வாய்ன் ரெட்டோ நோ கொகொரோ’ (1983) எடுக்கலாம். இப்போது ‘ரொ’. இங்கேதான் கை நடுங்கும். ‘ரொ’ என்றதும் நினைவுக்கு ஓடி வருவது ஸ்பிட்ஸின் ‘ரொபின்சோன்’ (1995), அருமையான பாட்டு, ஆனால் ‘ன்’னில் முடிகிறது. அதை விட்டுவிட்டு ஹிரோசே கோமியின் ‘ரொமான்ஸு நோ கமிசாமா’ (1993) எடுங்கள். கடைசி எழுத்து ‘ம’. அங்கிருந்து அய்ம்யோனின் ‘மரீகோருடோ’ (2018), அதன் ‘டொ’விலிருந்து ‘டொராய் ஃபுராவா’, மறுபடி ‘வ’. ‘ரொபின்சோன்’ ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு, தோல்வி பயம் இல்லாமல், முழுசாகப் பாடிக்கொள்ளலாம்.